அம்பாள் ஏறப்போகும் கார்

கடலோர ஊர் ஒன்றில், தீர்த்தவாரி அன்று அம்பாள் காரில்தான் கடலுக்குப் போவாள். பல்லக்குத் தூக்க ஆள் கிடைக்காமல் ஏற்பட்ட வழக்கம். கார் கொடுப்பவருக்குப் பரிவட்டம் கட்டுவார்கள் என்பதால் போட்டிக்குக் குறைவில்லை.

சென்ற ஆண்டு, ஊர்ந்து போன காரின் பின்னால் தேவாரம் பாடி நடந்த ஓதுவார் அம்பலவாணருக்குப் புகையில் மூச்சு முட்டியது. பாதிப் பதிகத்தில் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். தர்மகர்த்தா கோமதிநாயகம் பதறிப்போனார். "அடுத்த வருஷம் உங்க மூச்சுக்கு நான் பொறுப்பு, ஓதுவாரய்யா" என்று சந்நிதியில் வைத்து வாக்குக் கொடுத்தார். அதே சூட்டில் மைக்கிலும் அறிவித்தார்: "இனிமே புகை கம்மியா விடுத காருக்குத்தான் அம்பாள்."

இந்த ஆண்டு இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

டாக்டர் பூரணலிங்கம் புதிதாக மின்சாரக் கார் வாங்கியிருந்தார். தினமும் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிற நீண்ட ஓட்டம் அவருக்கு. "என் வண்டில புகைக்குழாயே கிடையாது, அண்ணாச்சி. இதுல பேச என்ன இருக்கு?"

ஓய்வுபெற்ற டீச்சர் சங்கரவடிவிடம் இருந்தது பழைய பெட்ரோல் கார். கோயிலுக்கும் சந்தைக்கும் தவிர அது வாசலை விட்டு நகராது. "குழாய் இல்லாம என்ன, டாக்டர்? அந்தா தெரியுதே அனல்மின் நிலையம், அதுதான் உங்க குழாய். கொஞ்சம் நீளமா வச்சிருக்கீய" என்றார்.

டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "டீச்சர் வண்டியை எடுத்தா தெருவுல கொசு நிக்காது. அதையும் சேத்துக்கிடுங்க, அண்ணாச்சி."

"சேத்துக்கிடுங்க. அந்தப் பேட்டரி செய்யுததுக்கு எங்க எங்க மண்ணைத் தோண்டி, எவ்வளவு புகை விட்டாங்கன்னும் சேத்துக்கிடுங்க. இவுக ஒரு மாசத்துல ஓடுத தூரத்தை நான் வருஷம் பூரா ஓட்டமாட்டேன்."

கோமதிநாயகம் தான் சொன்ன சொல்லையே புரட்டிப் புரட்டிப் பார்த்தார். புகை விடுவது என்றால் எங்கே விடுவது? இந்தத் தெருவிலா, எங்கோ ஓரிடத்திலா? ஒரு மாலை நேரத்திலா, ஒரு வருஷம் முழுவதுமா? மைக்கைப் பிடிக்கும்போது இதெல்லாம் ஏன் தோன்றாமல் போனது? யாரைத் தேர்ந்தாலும் மற்றவர், தர்மகர்த்தா வார்த்தை தவறினார் என்பார். அதில் நியாயமும் இருக்கும்.

அம்பாள் யார் காரில் ஏறுவது சரி?

விடை: டாக்டரின் காரில். மைக்கில் சொன்னது போட்டிக்கான விதி; சந்நிதியில் சொன்னது பின்னால் நடப்பவரின் மூச்சுக்குக் கொடுத்த வாக்கு. விதி பிறந்ததே அந்த வாக்கிலிருந்துதான்; அந்த மூச்சு இருக்கும் தெருவில் டாக்டரின் கார் புகை விடாது. ஆனால் டீச்சர் தோற்றுவிடவில்லை. பேட்டரி செய்யும்போது எழுந்த புகையை, கார் ஓட ஓடத்தான் ஈடுகட்ட முடியும். நிலக்கரி மின்சாரம் என்றால் அதற்கு இன்னும் அதிக தூரம் ஓடவேண்டும். ஆகவே தினமும் தொலைவு போகிறவருக்கு மின்சாரக் கார் பொருந்தும். எப்போதாவது எடுக்கிறவர் பழைய காரையே வைத்துக்கொள்வதில் தவறில்லை. இருவரும் சமாதானமாகிவிட்டார்கள். பரிவட்டத் தட்டைக் குருக்களிடம் நீட்டிய கோமதிநாயகத்துக்கு மட்டும் ஒரு நினைப்பு ஓடியது: அனல்மின் நிலையப் புகைபோக்கிக்கு அடியில் குடியிருக்கிறவர்களுக்கு எந்தச் சந்நிதியிலும் யாரும் வாக்குக் கொடுத்ததில்லையே.