எதிர் இலை

ஆற்றங்கரை ஆசிரமத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மாசிலாமணிக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் ஒரு பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப அவனுக்கு அவசரம்.

பிள்ளையின் பெயர் அமிர்தவல்லி. நான்கு வயது. அப்பாவை அழைத்துவர ஆள் போய்விட்டது. மத்தியானம் வந்து கூட்டிப் போய்விடுவார்.

குரு சிவகாமி அம்மை காரணம் கேட்டார்.

“மந்த புத்தி அம்மா. சோத்துக்கை எதுன்னே தெரியல. தினமும் எதிர்ல உட்கார்ந்து, என்னை மாதிரி சாப்பிடுன்னு சாப்பிட்டுக் காட்டுறேன். இடக்கையைத்தான் வைக்குது.”

“உன்னைப் பார்க்குதா?”

“கண் கொட்டாமப் பார்க்குது. அதுதான் எனக்கு ஆத்திரம்.”

அம்மை சிரித்தார். “பசிக்குது. வா, சாப்பிடலாம்.”

பந்தியில் அம்மை அமிர்தவல்லிக்கு எதிர் இலையில் உட்கார்ந்தார். சோறு விழுந்தது. அம்மை இடக்கையால் பிசைந்து, இடக்கையாலேயே உருட்டி வாயில் போட்டுக்கொண்டார். பந்தி முழுக்கத் தலைகள் திரும்பின. மாசிலாமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

குழந்தை அம்மையின் கையைப் பார்த்தாள். அதற்கு நேர் எதிரே இருந்த தன் கையை நீட்டினாள். அது வலது கை. சிந்தாமல் சாப்பிட்டாள்.

அங்கே பல வருஷமாகச் சமைக்கும் ஏகாம்பரம், ரசம் ஊற்ற வந்தவர், உரக்கச் சிரித்தார். “மறுபடியும் ஆரம்பிச்சாச்சா?”

“மறுபடியுமா?” என்றான் மாசிலாமணி.

“முப்பது வருஷம் முந்தி தினம் இதே கூத்துதான். வந்த பெரிய மனுஷங்க முகத்தைச் சுளிச்சுக்கிட்டு எழுந்து போனாங்க. அம்மா ஒருத்தருக்கும் பதில் சொல்லல. அப்பவும் எதிர் இலையில ஒரு வாண்டு உட்கார்ந்திருக்கும்.”

“யாரு?”

ஏகாம்பரம் ரசக் கரண்டியை அவன் பக்கம் நீட்டினார்.

மாசிலாமணி பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டுவிட்டான். பாட்டும் கணக்கும் வான சாஸ்திரமும் கற்றுத் தந்ததற்காக அம்மையை எத்தனையோ முறை வணங்கியிருக்கிறான். தனக்காக அவர் பட்ட இந்த அவமானத்துக்கு ஒரு முறைகூட நன்றி சொன்னதில்லை. இப்படி ஒன்று நடந்ததே அவன் நினைவில் இல்லை.

வாசலில் அமிர்தவல்லியின் அப்பாவின் குரல் கேட்டது. மாசிலாமணி கை கழுவக்கூட நிற்காமல் ஓடினான்.

“மன்னிச்சுக்குங்க. தப்பு எம்மேலதான். பொண்ணு இங்கேயே இருக்கட்டும்.”

அவன் திரும்பி வந்தபோது குழந்தைக்கு மோர்ச் சாதம் பாக்கி இருந்தது. அம்மை நகர்ந்து இடம் விட்டார். மாசிலாமணி தன் இலையை இழுத்துப் போட்டுக் குழந்தைக்கு எதிரே உட்கார்ந்தான். ஊர் முழுக்கத் தன்னையே பார்ப்பது போல உடம்பு கூசியது. இடக்கையைச் சோற்றில் வைத்தான். குழந்தை அவனைப் பார்த்து வலது கையை வைத்தாள்.

அவன் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை.

“எனக்காக எத்தனை நாள் அம்மா இப்படி?”

“மூணு வருஷம்.”

“போதும்னு எப்படித் தெரிஞ்சுது?”

“ஏழு வயசுல ஒரு நாள், உன் இலையில இருந்தபடியே என்னை அதட்டின. ‘அம்மா, உங்களுக்கு அது சோத்துக்கை இல்லையே’ன்னு. அன்னைக்குத்தான் கையை மாத்தினேன்.”