புள்ளி இல்லாத ஏடு

பால்வண்ண ஓதுவாருக்குத் தொண்டையில் அறுவை நடந்தது. உயிர் தப்பியது, குரல் தப்பவில்லை. மீசை முளைக்கும் முன்பே சன்னதியில் பாட நின்றவருக்கு, இப்போது வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

தாமிரபரணிக் கரையில் ஒரு சிறு மடம். அதை நடத்திய உலகம்மை அவரைவிட இளையவர். ஆனாலும் அவருக்குக் குரு. ஞானத்துக்கு யார் ஜாதகம் கேட்டார்கள்?

“கை சும்மா இருந்தா மனசு சும்மா இருக்காது” என்று சொல்லி, மடத்து ஏடு ஒன்றை அவரிடம் கொடுத்துக் காகிதத்தில் பெயர்த்தெழுதச் சொன்னார். சிவன் அடியவனோடு பேசுவதாக அமைந்த பழைய ஏடு.

ஒரு காலையில் ஓதுவார் குளித்து, நெற்றி நிறைய நீறு பூசி, ஏட்டோடு வந்து நின்றார்.

“போறேன் தாயே.” கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

“எங்கே?”

அவர் ஆற்றைப் பார்த்தார்.

உலகம்மைக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

“யார் போகச் சொன்னது?”

“அவனேதான். பாட்டுக்குத்தானே என்னை வச்சிருந்தான்? குரல் போச்சு, நானும் வேண்டாம்னுட்டான். இந்தா, எழுத்திலேயே இருக்கு.” ஏட்டை நீட்டி ஒரு வரியைத் தொட்டார். “உன்னைக் கைவிடு என.”

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஏட்டில் இருந்தது ‘உனனைக கைவிடென’ என்றுதான்.

“ஏட்டில புள்ளி வைப்பாங்களா ஓதுவாரே?”

“மாட்டாங்க. எழுத்தாணி குத்தினா ஓலை கிழியும்.”

“கொம்பு?”

“குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்புதான். படிக்கிறவன் பார்த்துப் படிக்கணும்.”

“அப்போ பார்த்துப் படிங்க. கொம்பை நெடிலாக்கி, கடைசி எழுத்துக்கு ஒரு புள்ளி வைங்க.”

ஓதுவாரின் உதடு அசைந்தது.

“உன்னைக் கை... விடேன்.”

அப்படியே உட்கார்ந்துவிட்டார். சத்தமில்லாமல் அழுதார். உலகம்மை ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்து, அருகில் அமர்ந்தார்.

தண்ணீரைக் குடித்துவிட்டு ஓதுவார் ஏட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “எழுதினவர் எந்த ஊர்ப் புண்ணியவானோ. கிடைச்சா காலில விழுவேன்.”

பிறகு கேட்டார்: “அப்போ நான் முதல்ல படிச்சது தப்புதானே தாயே?”

“ரெண்டும் சரிதான். பாடகர்னு ஒருத்தரைச் சுமந்துக்கிட்டே அலைஞ்சீங்க. அவரை விடச் சொல்றான். உங்களை விட மாட்டேன்கிறான்.”

ஓதுவார் காகிதத்தை எடுத்தார். மனம் நிறைந்திருந்தது.

“இங்கே புள்ளி வச்சுடட்டுமா?”

“வேண்டாம். ஏட்டில இருக்கிறபடியே எழுதுங்க.”

“என்னை மாதிரி இன்னொருத்தன் படிச்சிட்டு ஆத்தைப் பார்ப்பானே?”

“நீங்கதான் பக்கத்துல இருப்பீங்களே.”

“எனக்குத்தான் குரல் இல்லையே தாயே.”

“புள்ளி வைக்கக் குரல் எதுக்கு?” என்றார் உலகம்மை.