தாளாளரின் பின்னால் வந்த வண்டி

வெகு காலத்துக்கு முன்பெல்லாம் இல்லை, போன கோடை விடுமுறையில் நடந்தது. பள்ளிக்கூடத்தின் கடைசி அறையில் பிள்ளைகள் ரோபோ செய்யக் கற்றுக்கொண்டிருந்தார்கள். அட்டையும் பாட்டில் மூடிகளும் சேர்த்து அவர்கள் செய்த முதல் வண்டிக்கு ஒரே ஒரு கண். வெயில் பட்டால் நிற்கும். நிழல் விழுந்தால் ஓடும்.

தாளாளர் சோலையப்பன் வந்து பார்த்தார்.

"இதெல்லாம் ரோபோவா? நான் நடந்தா நாய்க்குட்டி மாதிரி என் பின்னாலேயே வரணும். நாளைக்கு விருந்தாளிங்க முன்னாடி வரலைன்னா இந்த ரூமைப் பூட்டிடுவேன்" என்று சாவியை ஆட்டிக் காட்டினார்.

பிள்ளைகளில் ஒருத்தி, ஏழாம் வகுப்பு நஸ்ரின் சொன்னாள்: "வரும் சார். ஆனா சாயங்காலம், வெளி முற்றத்துல. நீங்க சூரியனைப் பார்த்து ராஜா மாதிரி மெதுவா நடக்கணும்."

ராஜா என்றதும் அவருக்குப் பிடித்துப்போயிற்று.

மறுநாள் மாலை, முற்றமெங்கும் மஞ்சள் வெயில் மிதந்தது. சோலையப்பன் சூரியனை நோக்கி நடந்தார். பின்னால் நீண்டு கிடந்த அவருடைய நிழலுக்குள், கனவில் வருவதுபோல வண்டி சத்தமில்லாமல் வந்தது.

"பாத்தீங்களா? முதலாளி யாருன்னு மெஷினுக்கே தெரியுது!"

பூரித்துப்போய்ச் சாவியை நஸ்ரின் கையில் கொடுத்துவிட்டு, கைதட்டிய விருந்தாளிகளிடம் பூமாலை வாங்கிக்கொள்ள ஒதுங்கினார். வண்டி வெயிலில் நின்றுவிட்டது. அப்போது திறந்திருந்த கேட் வழியாக வந்த ஆடு ஒன்று வண்டிக்கு முன்னால் அசைந்து அசைந்து நடந்தது. வண்டி அதன் பின்னால் கிளம்பியது. இரண்டும் வெளிச்சத்தைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தன.

கைதட்டல் சிரிப்பாக மாறியது.

"என்னம்மா இது?" என்றார் தாளாளர்.

சாவியை இறுக்கிப் பிடித்தபடி நஸ்ரின் சொன்னாள்: "அதுக்கும் நிழல் இருக்கு சார்."