பரணி என்றொரு நத்தை

குருவுக்கு வயது நாற்பத்தாறு. சீடருக்கு அறுபத்தொன்று. மடத்தில் இப்படி நடந்திருந்தால் ஊரே சிரித்திருக்கும். நத்தை ஆராய்ச்சியில் யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பக்கம் யாராவது எட்டிப் பார்த்தால்தானே சிரிப்பதற்கு!

சீடரின் பெயர் கோமதிநாயகம். அம்பாசமுத்திரத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு, பொதிகை மலையடிவாரத்தில் சின்னதாக ஓர் ஆய்வுக்கூடம் நடத்தி வந்த உலகம்மையிடம் போய் நின்றார்.

"எனக்கு நத்தை சொல்லிக் குடுங்க மேடம்."

"வீட்டுல பேரப்பிள்ளைங்க இல்லையா அண்ணாச்சி?"

"இருக்காங்க. அதான் இங்க ஓடி வந்துட்டேன்."

உலகம்மை சிரித்துவிட்டார். அப்படித்தான் சேர்ந்தார் சீடர்.

அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு நத்தைக்கு மட்டும் தனி மரியாதை உண்டு. மிளகளவுதான் இருக்கும். ஓட்டின் மேல் பொன்னிறத்தில் மெல்லிய முடி. அந்த வகை நத்தைகளிலேயே ஓட்டில் முடி உள்ளது அது ஒன்றுதான். மலையில் ஓர் ஓடைக்கரையில் உலகம்மைதான் அதை உயிரோடு கண்டெடுத்து, புதிய இனம் என்று விவரித்து எழுதினார். அந்த வருஷம்தான் அவருடைய ஒரே மகன் பரணி நோயில் போனான். பதினோரு வயது.

புதிய உயிரைக் கண்டுபிடித்தவர் அதற்குத் தன் பெயரையே சூட்டிக்கொள்வது வழக்கமில்லை. வேறு யார் பெயரையும் சூட்டலாம். உலகம்மை மகனின் பெயரைச் சூட்டினார்.

முழுப்பெயர் லத்தீனில் நீளமாக இருக்கும். மலையில் யார் வாயிலும் அது நுழையாது. அதனால் எல்லோரும் பரணி என்றே சொன்னார்கள். மழை விட்ட மறுநாள் வனக்காவலர் யாராவது வந்து சொல்வார்.

"மேடம், ஓடைப் பக்கம் பரணி வந்திருந்துச்சு."

"நல்லாயிருந்துச்சா?"

"நல்லாயிருந்துச்சு மேடம். ஈரப் பாறையில ஜம்முனு ஏறிப் போய்க்கிட்டிருந்துச்சு."

அதைக் கேட்டபின் உலகம்மை கொஞ்ச நேரம் எந்த வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருப்பார். கையிலிருக்கும் தேநீர் ஆறிப்போகும். கோமதிநாயகம் அந்தப் பையனைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அப்போதெல்லாம் ஏதோ தேடுவதுபோல் அலமாரிப் பக்கம் போய்விடுவார்.

கோமதிநாயகத்தின் ஆய்வு அந்த நத்தை வகை முழுவதையும் பற்றியது. இதுவரை சூட்டிய ஒவ்வொரு பெயரையும், அந்தப் பெயரை முதன்முதலில் எந்த ஓட்டைப் பார்த்துச் சூட்டினார்களோ அதே ஓட்டை வரவழைத்துச் சரிபார்க்க வேண்டும். அதில் ஒரு பெயர் மிகப் பழையது. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை ஆற்று மணலில் கிடந்த செத்த ஓடு ஒன்றைப் பொறுக்கி, 'சிறியது, வழவழப்பானது' என்று எழுதிப் பெயரும் வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். அதன்பிறகு அந்த ஓட்டை யாரும் சீண்டவில்லை. கோமதிநாயகம் கேட்டதும் வெளிநாட்டு அருங்காட்சியகத்திலிருந்து பஞ்சில் பொதிந்து, இரவலாக அனுப்பிவைத்தார்கள்.

நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். துரை சொன்னதில் தவறில்லை. வெள்ளை வெளேரென்று வழவழப்பாகத்தான் இருந்தது. அடிப்பக்கத்தை வரைவதற்காகத் திருப்பினார். ஓட்டின் நடுக்குழிக்குள், மணல் போய் உரச முடியாத மடிப்பில், சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன. ஒரே சாய்வில் போன வரிசை.

அந்தச் சாய்வு அவருக்குத் தெரியும். பரணியின் ஓட்டில் முடி முளைத்த தடங்களைத் தன் கையாலேயே வரைந்திருக்கிறார்.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தார். புள்ளிகள் போய்விடவில்லை.

துரை பொறுக்கியதும் முடி இருந்த நத்தைதான். வெயிலும் மணலும் சேர்ந்து அதன் தோலை உரித்து முடியை உதிர்த்திருக்கின்றன. மொட்டையாகக் கிடந்ததை எடுத்து, இதுதான் இதன் லட்சணம் என்று எழுதிவிட்டார் புண்ணியவான். ஆக இரண்டும் ஒரே உயிர். ஒரே உயிருக்கு இரண்டு பெயர் இருந்தால் பழைய பெயர்தான் நிற்கும். புதிய பெயர் செல்லாது. இந்தத் துறையில் அதற்கு மேல்முறையீடு கிடையாது.

இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு வழி தோன்றியது. துணைப்பேரினம்! பேரினம் ஒரு வீடு என்றால் துணைப்பேரினம் அதற்குள் தடுத்த அறை. முடி உள்ள நத்தைக்குத் தனி அறை, இல்லாதவற்றுக்குத் தனி அறை. நடுவில் சுவர் எழுந்துவிட்டால் அங்குள்ளதை எடுத்து இங்குள்ளதோடு யார் ஒப்பிடப் போகிறார்கள்?

உட்கார்ந்து எழுதி முடித்தார். பழைய ஓட்டையும் அழகாக வரைந்தார். புள்ளிகளை மட்டும் வரையவில்லை.

உலகம்மை படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"துணைப்பேரினமா?"

"ஆமா மேடம். முடி உள்ளது தனி, இல்லாதது தனி."

"முடி உள்ள பிரிவுல எத்தனை இனம்?"

"இப்போதைக்கு ஒண்ணு."

"பரணி."

"ஆமா."

"ஒருத்தனுக்குன்னு ஒரு அறை கட்டுதீங்களாக்கும்."

கோமதிநாயகம் மேசையிலிருந்த தாள்களை அடுக்கினார்.

"அந்தப் பழைய ஓட்டைக் கொண்டாங்க."

"திருப்பி அனுப்பப் பொட்டலம் கட்டிட்டேன் மேடம்."

"பிரிங்க."

பிரித்தார். உலகம்மை நுண்ணோக்கியில் குனிந்தார். தூரிகை நுனியால் ஓட்டை மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தார். கோமதிநாயகம் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தூரிகை நின்றது அவருக்குப் பார்க்காமலே தெரிந்தது.

"இதைப் பாத்தீங்களா அண்ணாச்சி?"

பார்க்கவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"பாத்தேன்."

"படத்துல காணோமே."

கோமதிநாயகம் பென்சிலை எடுத்து மறுபடியும் மேசையிலேயே வைத்தார்.

"பரீட்சைத் தாள்ல பிள்ளைங்க ஒரு கோடு விட்டாலே மார்க்கைக் குறைச்சிருப்பீங்களே."

"குறைச்சிருக்கேன்."

"இது என்னது?"

"என்னால வரைய முடியல மேடம். பென்சில் ஓடல."

அவர் திட்டியிருந்தால் கோமதிநாயகத்துக்கு நிம்மதியாக இருந்திருக்கும். உலகம்மை திட்டவில்லை. எழுந்து அலமாரியைத் திறந்து ஒரு சிறிய பெட்டியை எடுத்தார். முதல் வருஷம் அந்த ஓடைக்கரையில் அவர் சேகரித்த ஓடுகள். ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். அதன் பொன்முடி வெளிச்சத்தில் மினுங்கியது.

பிறகு ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, பிளீச்சிங் பவுடரைக் கரைத்தார்.

"மேடம், வேண்டாம்."

"ஏன்?"

"அது நீங்க முதல்ல எடுத்தது."

"இன்னும் இருக்கு. இது ஒண்ணு போனாப் போகட்டும்."

ஓட்டைக் கிண்ணத்துக்குள் விட்டார். நேரம் பிடித்தது. ஓட்டின் மேல்தோல் பிசிறு பிசிறாகப் பிரிந்தது. முடிகள் ஒவ்வொன்றாகக் கழன்று மிதந்தன. கோமதிநாயகத்தால் பார்க்க முடியவில்லை. உலகம்மை பார்வையை எடுக்கவே இல்லை.

கடைசியில் அதை வெளியே எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, தாளில் ஒற்றி, பழைய ஓட்டின் பக்கத்தில் வைத்தார்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க."

திரும்பினார்.

"இப்ப வந்து பாருங்க. துரை எடுத்தது எது, நான் எடுத்தது எது?"

அருங்காட்சியகக்காரர்கள் இதைப் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்கள். கோமதிநாயகம் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். இரண்டும் வெள்ளை. இரண்டும் மொட்டை. இரண்டிலும் நடுக்குழிக்குள் அதே சாய்வில் அதே புள்ளிகள்.

"தெரியல மேடம்."

"வலது பக்கத்தது துரையோடது. விளிம்புல ஒரு சில்லு போயிருக்கு. அதைப் பத்திரமாப் பஞ்சில வைங்க."

வைத்தார்.

"இப்ப எழுதுங்க. ரெண்டும் ஒண்ணு, பழைய பேர்தான் செல்லும்னு."

"நீங்களே எழுதிருங்க மேடம்."

"கண்டது நீங்க. நீங்கதான் எழுதணும்."

"இதைக் கட்டி அனுப்பிட்டா இன்னும் நூறு வருஷத்துக்கு எவனும் தொடமாட்டான்."

"தொடமாட்டான்தான்."

"அப்புறம் என்ன மேடம்?"

உலகம்மை கிண்ணத்தில் மிதந்த முடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே மழை பெஞ்சா யாரும் வந்து பரணி வந்திருக்குன்னு சொல்ல மாட்டாங்க. நல்லாயிருந்துச்சான்னு நீங்களும் கேக்க முடியாது. அதை நினைச்சாத்தான்..."

அறுபத்தொரு வயது மனிதர், மேசையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளைப்போல் விசும்பினார். உலகம்மையும் அழுதார். சத்தமில்லாமல் கண்ணீர் வழிய, முந்தானையால் நுண்ணோக்கியின் கண்ணாடியைத் துடைத்தார். தன் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை.

கோமதிநாயகம் மறுபடியும் கெஞ்சினார்.

"ஒரு வார்த்தை போதும் மேடம். முடி உள்ளது வேற, இல்லாதது வேறன்னு நீங்க உங்க வாயால சொன்னா எல்லாரும் ஒத்துக்குவாங்க. சொல்ல ஏன் உங்களுக்கு மனசு வரமாட்டேங்குது?"

உலகம்மை பேனாவை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"மருந்து ஏத்தினதுல பரணிக்குத் தலைமுடி, புருவம் எல்லாம் கொட்டிருச்சு அண்ணாச்சி. துபாய்ல இருந்து ஓடி வந்த அவங்கப்பா, கட்டில்ல கிடந்தவனப் பாத்துட்டு, யாரோ பிள்ளைன்னு நினைச்சு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாரு. அவன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'முடி போயிட்டா நான் வேற ஆளாம்மா?'ன்னு கேட்டான். இல்லய்யான்னு சொல்லிருக்கேன். இப்ப எப்படி மாத்திச் சொல்ல?"