பத்தில் நாலு போன பட்டயம்

முன்னொரு காலத்தில், மழைகூடத் தன்னைக் கேட்டுக்கொண்டுதான் பெய்ய வேண்டும் என்று நினைத்த ஒரு ராஜா இருந்தார். மட்டைப்பந்து என்றால் அவருக்குப் பைத்தியம். ஒருநாள் ஒரு விபரீத ஆசை வந்தது. கல்குழியில் கல் உடைக்கும் கைதிகளில் பதினொரு பேர் அரண்மனைக் காவலரோடு ஆடட்டும். வென்றால் விடுதலை, தோற்றால் குழிக்கே திரும்பட்டும் என்றார். பஞ்சத்தில் களஞ்சியத்தை உடைத்தவர்கள் அவர்கள். பத்து வருடத் தண்டனையில் ஆறு முடிந்திருந்தது.

அவர்களில் ஒருவன் கருப்பணன், அரசவை விகடன் இடும்பனின் தங்கை புருஷன். ஊரையே சிரிக்க வைத்த இடும்பன், அவனைக் காப்பாற்ற முடியாமல், தங்கை முகத்தில் விழிக்கப் பயந்து ஆறு வருடமாக அவள் வாசலை மிதிக்கவில்லை.

அணிக்குப் பத்துச் சுற்று, சுற்றுக்கு ஆறு பந்து. காவலர் எண்பது ஓட்டம் எடுத்தார்கள். அதில் நாலு சுற்றில் தட்டுத் தடுமாறி மொத்தமே நாலு ஓட்டம். கைதிகள் மட்டையைத் தூக்கும்போது பார்த்து மழை பிடித்துக்கொண்டது. விட்டபோது ஆறு சுற்றுக்குத்தான் பொழுது இருந்தது. இலக்கை எவ்வளவு குறைப்பது? ராஜா இடும்பனைப் பார்த்தார். அது பொறுக்காத அரசவைக் கணக்கர் கணிதராயர் முந்திக்கொண்டு, காவலர் ஆட்டத்தில் மெலிந்த நாலு சுற்றைக் கழித்தால் போதும் என்றார். போனது நாலு சுற்று, குறைந்தது நாலே ஓட்டம், தாண்ட வேண்டியது எழுபத்தாறு. கைதிகள் உயிரைக் கொடுத்து ஆடி அறுபத்தொன்று எடுத்தார்கள். அப்படியும் தோற்றார்கள். பாவிகள், வேறென்ன செய்வார்கள்?

இடும்பனோ ராயரை வாயாரப் புகழ்ந்தான். இப்பேர்ப்பட்ட விதி விளையாட்டோடு நின்றுவிடலாமா என்று கேட்டான். ராயருக்குத் தலைகால் புரியவில்லை. மழையால் பத்தில் நாலு போனால் எண்பதில் நாலு பங்கே கழியும், எந்தக் காரியத்துக்கும் இதுவே விதி என்று செப்புப் பட்டயம் எழுதி, ராஜ முத்திரையும் வாங்கிவிட்டார்.

மழை ஒரு வாரம் விடாமல் கொட்டியது. கல்குழி மூழ்கி, இனி அங்கே கல் உடைக்கவே முடியாதபடி வேலை நின்றது. இடும்பன் சபையில் எழுந்தான்.

"மகாராஜா, பத்து வருடத் தண்டனையில் மிச்சம் நாலை மழை கொண்டுபோய்விட்டது. பட்டயப்படி அந்த நாலு வருடத்தின் பெறுமானம் எண்பதில் நாலு பங்கு, அதாவது அரை வருடம். ஆறு சுற்று எழுபத்தாறு ஓட்டத்துக்குச் சமமானது போல, இவர்கள் கழித்த ஆறு வருடம் ஒன்பதரை வருடத்துக்குச் சமம்."

"வருடங்கள் எல்லாம் சமம், பிரபு," என்று பதறினார் ராயர்.

"சுற்றுகளும் அப்படித்தான் என்று நாங்கள் நினைத்திருந்தோம், ராயரே."

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அரை வருடத்தையும் தள்ளி, பதினொரு பேரையும் விடச் சொன்னார். சிரிப்பு அடங்கியதும், மற்றக் கைதிகளும் இதே கணக்கைக் கேட்டு வருவார்களே என்ற நினைவு அவருக்கு வந்தது போலும். "அந்தப் பட்டயத்தை இப்போதே உருக்குங்கள். அதே செம்பில் நம் விகடனுக்கு ஒரு காப்பு அடித்துப் போடுங்கள்," என்றார். சபை கைதட்டியது. இடும்பன் கையை நீட்டினான். நீட்டாமல் இருந்திருந்தால் தலை போயிருக்கும்.

சிறைவாசலில் தங்கை புருஷனைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆறு வருடத்துக்குப் பிறகு அண்ணனை முகம் பார்த்துச் சிரித்தாள். கருப்பணன் சிரிக்கவில்லை. மச்சான் கையிலிருந்த புதுக் காப்பைத் தொட்டுப் பார்த்தான்.

"சிறைக்குள்ள இன்னும் நாப்பது பேரு கெடக்கானுவ மச்சான். அவனுவளுக்குப் பந்தாடத் தெரியாது," என்றான்.