இரண்டு கட்டுக்கு ஒரு கட்டு

மூடுபனிக் காட்டில் சடையன் என்று ஒரு கரடி இருந்தது. அதன் மனைவி பூவாத்தா. மழை பிடித்துக்கொண்டால் இரண்டு மாதத்துக்கு அந்தக் காட்டில் வெயில் எட்டிப் பார்க்காது. அதனால் அங்கே விலங்குகள் எல்லாம் தீ மூட்டிக் குளிர் காயும். யாரிடம் கற்றன என்று கேட்காதீர்கள். கேட்டால் கதை இங்கேயே நின்றுவிடும்.

அந்த வருஷம் பூவாத்தா பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தது. கரடிக்குட்டி பிறக்கும்போது உள்ளங்கை அளவுதான் இருக்கும். கண் திறக்க நாற்பது நாள் ஆகும். அதுவரைக்கும் குகையில் தீ அணையக்கூடாது. அணைந்தால் குட்டி பிழைக்காது.

இதை யோசித்துத்தான் பூவாத்தா கோடை முழுக்க விழுந்த மரங்களைத் தேடி இழுத்து வந்தது. நகத்தால் பட்டையை உரித்தது. பாறைமேல் பரப்பி வெயிலில் காயவைத்தது. நாளுக்கு ஒரு கட்டு என்று நாற்பது கட்டுகள் கட்டிக் குகைக்குள் அடுக்கியது. அந்த வேலையில் அதன் வலது கையில் நடு நகம் உடைந்தே போனது.

சடையன் அந்தக் கோடையில் தினமும் தேன் தேடப் போனது. கிடைத்ததா என்பது வேறு விஷயம்.

மழை தொடங்கிய மறுநாள் காலையில் மணிச் சத்தம் கேட்டது. சடையன் எட்டிப் பார்த்தது. கழுத்தில் மணியும் முதுகில் ஒரு விறகுக் கட்டுமாக ஒரு காட்டெருமை வந்து, எதிரே இருந்த முள்ளம்பன்றியின் வளை முன்னால் நின்றது. விறகு நனையாதபடி மேலே காட்டு வாழை இலை போர்த்தியிருந்தது.

"விறகு வந்திருக்குதுங்கோ! சூளையில காஞ்ச விறகு! முள்ளம்பன்றியார் வீடு இதுதானுங்களா?"

காட்டெருமைக்கு அந்த வளை நன்றாகத் தெரியும். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி விசாரிக்க வேண்டும் என்பது அதன் முதலாளி நரியின் உத்தரவு.

"இதென்னங்க புதுசா இருக்குது?" என்று சடையன் கேட்டது.

"டெலிவரிங்க," என்றது முள்ளம்பன்றி. "நரி ஓடைக்கரையில சூளை போட்டிருக்குது, தெரியாதுங்களா? நாங்க இப்ப சூளை விறகுதான் எரிக்கறோம். வெயில்ல காஞ்சது எங்க வீட்ல யாருக்குமே ஒத்துக்கறதில்லைங்க."

முந்தாநாள் வரை முள்ளம்பன்றிக்கு விறகைப் பற்றி எந்த அபிப்பிராயமும் கிடையாது.

சடையனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் நரி தானாகவே வந்து வாசலில் நின்றது. யாருக்கு எப்போது சோறு இறங்காது என்பது நரிக்குத் தெரியும்.

"வாங்க தம்பி, உள்ள வாங்க," என்றது சடையன்.

நரி உள்ளே வந்து, அடுக்கியிருந்த நாற்பது கட்டுகளையும் மேலிருந்து கீழாகப் பார்த்தது. பெருமூச்சு விட்டது.

"இதெல்லாம் வெயில்ல காஞ்சதுங்களாண்ணா?"

"ஆமா தம்பி. ஏன்?"

"சும்மா கேட்டேன்." இன்னொரு பெருமூச்சு.

பிறகு தன் பையிலிருந்து இரண்டு சூளைக் கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டியது. 'டங்' என்று கேட்டது. பூவாத்தாவின் கட்டை ஒன்றை எடுத்துத் தன் தொடையில் தட்டியது. 'தொப்' என்று கேட்டது. தொடையில் எதைத் தட்டினாலும் தொப் என்றுதான் கேட்கும். சடையனுக்கு அது தோன்றவில்லை.

"அப்ப எங்க விறகு மட்டமா தம்பி?"

"அந்த வார்த்தைய நான் சொல்லலைங்ணா," என்றது நரி. "நீங்க சொல்றீங்க. வீட்ல பிரசவம் வேற. உங்க மனசுக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்யுங்க. பழைய விறகு ரெண்டு கட்டு குடுத்தா, சூளை விறகு ஒரு கட்டு. வீட்டு வாசலுக்கே வந்துரும். மணியோட."

பூவாத்தா உள்ளேயிருந்து மெதுவாக எழுந்து வந்தது.

"ஏங்க, நாப்பது நாளைக்கு நாப்பது கட்டு. நான் எண்ணி அடுக்கியிருக்கேன். இருபதா ஆக்கிட்டா மிச்ச நாளைக்கு எதை எரிப்பீங்க?"

"பொறக்கப்போறது நம்ம புள்ள," என்றது சடையன். "அதுக்கு மட்ட விறகா? சூளை விறகு ஒண்ணு ரெண்டுக்குச் சமம் பூவாத்தா. எதிர்வீட்ல கேட்டுப்பாரு."

நரி இதற்கும் வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டியது. ஆமாம் என்று ஆட்டியதா, கழுத்து சுளுக்கா என்று யாரும் கேட்கவில்லை.

பூவாத்தாவின் நாற்பது கட்டுகளும் யார் கண்ணிலும் படாமல் குகையின் பின்வாசல் வழியாகப் போயின. இருபது கட்டுகள் முன்வாசல் வழியாக மணியோசையோடு வந்தன. எதிர்வீட்டு முள்ளம்பன்றி வெளியே வந்து பார்த்தது. சடையனுக்கு அந்த ஒரு பார்வையே போதும் என்றிருந்தது.

இரண்டு நாள் கழித்து முள்ளம்பன்றி வீட்டு வாசலில் காட்டெருமை வேறு மாதிரி கூவியது. "இரட்டைச் சூளை விறகுங்கோ! ரெண்டு தடவை காஞ்சது!"

பூவாத்தாவுக்கு அப்போதுதான் வலி எடுத்திருந்தது. உள் அறையில் படுத்திருந்தது. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று சடையன் நினைத்தது. சூளை விறகு இரண்டு கட்டுக்கு இரட்டைச் சூளை விறகு ஒரு கட்டு. இருபது கட்டுகள் போயின. பத்துக் கட்டுகள் வந்தன.

குட்டி பிறந்தது. பெண் குட்டி. அம்மாவின் வயிற்று முடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, பால் குடித்தது. சடையன் அதைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அந்தக் கரடிக்குப் பிள்ளைமேல் பாசம் இல்லை என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

இரட்டைச் சூளை விறகு நாளுக்கு ஒரு கட்டு எரிந்தது. "ஒண்ணு ரெண்டுக்குச் சமம்னீங்களே," என்றது பூவாத்தா.

"நல்ல விறகுன்னா ஆர்வமா எரியும்," என்றது சடையன்.

பதினோராம் நாள் காலையில் குகையில் சாம்பல் மட்டும் இருந்தது. வெளியே காட்டில் கிடந்த ஒவ்வொரு சுள்ளியும் மழையில் ஊறிக் கிடந்தது. குட்டியின் கால்கள் சில்லிட்டிருந்தன. அது பால் குடிப்பதையும் நிறுத்திவிட்டது.

"போங்க," என்றது பூவாத்தா. "கால்ல விழுந்தாவது ஒரு கட்டு வாங்கிட்டு வாங்க."

சடையன் மழையில் ஓடியது. ஓடைக்கரையில் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய பெரிய சூளை இருந்தது. அதன் சுவரில் சாய்ந்து, வாலைக் காயவைத்துக்கொண்டு, நரி சுகமாக உட்கார்ந்திருந்தது. காட்டெருமை சூளையின் வாயில் ஒவ்வொரு கட்டையாகத் தள்ளிக்கொண்டிருந்தது.

சடையன் அப்படியே நின்றுவிட்டது. பட்டை உரித்த கட்டைகள். ஒவ்வொன்றிலும் நகக் கீறல். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, நடுவில் ஒன்று இல்லை.

"தம்பி, இது எங்க வீட்டு விறகாச்சே."

"ஆமாங்ணா."

"இதை ஏன் எரிக்கறீங்க?"

நரி உண்மையிலேயே ஆச்சரியப்பட்டது. "பின்ன, சூளைக்குள்ள வச்ச ஈர விறகு எப்படிக் காயும்? நான் பக்கத்துல உக்காந்து ஊதியா காயவைக்க முடியும்? மழைக்காலத்துல சூளை எரியணும்னா காஞ்ச விறகு வேணும்ணா. அம்மணி அடுக்கினது மாதிரி காஞ்ச விறகு இந்தக் காட்டுலயே கிடையாது. முதல் தரம்!"

"அப்ப இரட்டைச் சூளை?"

"உங்க இருபதுல பத்தை அடியில போட்டு எரிச்சு, மேல பத்தைக் காயவச்சுக் குடுத்தேன். நான் ஒரு வார்த்தை பொய் சொல்லியிருந்தா சொல்லுங்க."

சடையன் யோசித்துப் பார்த்தது. நரி சொல்லியிருந்த பொய் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. மட்டம் என்று சொன்னதும், ஒன்று இரண்டுக்குச் சமம் என்று சொன்னதும் தன் வாய்தான்.

"குட்டிக்கு உடம்பு சில்லிட்டுப் போச்சு தம்பி. ஒரே ஒரு கட்டு குடு."

"தாராளமா," என்றது நரி. "ரெண்டு கட்டு கொண்டாங்க."

அப்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. வாயில் குட்டியைக் கவ்விக்கொண்டு, மழையில் நனைந்தபடி பூவாத்தா வந்துகொண்டிருந்தது. போனவன் வரட்டும் என்று அதற்குக் காத்திருக்க முடியவில்லை. சூளை வாயில் எரிந்த கட்டைகளை ஒரு முறை பார்த்தது. புருஷனைப் பார்க்கவில்லை. நேராக நரியிடம் போய் நின்றது. நரி தன்னை அறியாமல் நகர்ந்து இடம் விட்டது. பூவாத்தா அந்த இடத்தில், சூடான சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, குட்டியை மடியில் போட்டுக்கொண்டது.

"அம்மணி, இங்க உக்கார வைக்கறதெல்லாம் வியாபாரத்துல கிடையாதுங்க," என்றது நரி.

"நான் வாங்க வரல," என்றது பூவாத்தா. "என் விறகு எரியற இடத்துல நான் உக்காந்திருக்கேன்."

அதன் வலது கை குட்டியின்மேல் இருந்தது. நடு நகம் இல்லாத கைதான். மற்ற நான்கு நகங்களும் நன்றாகவே இருந்தன. நரி அவற்றை எண்ணிப் பார்த்தது. பிறகு எழுந்து, சூளையின் மறுபக்கம், மழைச்சாரல் அடிக்கிற பக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

கொஞ்ச நேரத்தில் குட்டி காலை அசைத்தது. காம்பைத் தேடியது. பால் குடித்தது. பூவாத்தா சத்தம் வராமல் அழுதது.

அங்கிருந்து அது நகரவில்லை. நாற்பதாம் நாள் குட்டி கண் திறந்தபோது முதலில் பார்த்தது தன் அம்மாவின் முகத்தை. இரண்டாவதாகப் பார்த்தது, மழையில் நனைந்து தும்மிக்கொண்டிருந்த நரியை.

கதை இத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் மழை விட்டதும் சடையன் குடும்பத்தோடு வீடு திரும்பியது. எதிர்வீட்டு முள்ளம்பன்றி வாசலில் நின்று விசாரித்தது.

"ஒண்ணரை மாசமா ஆளையே காணோமுங்களே?"

"சூளைக்கே குடிபோயிட்டோமுங்க," என்றது சடையன், மீசையை நீவிவிட்டுக்கொண்டே. "டெலிவரி எல்லாம் உங்கள மாதிரி ஆளுங்களுக்கு."

முள்ளம்பன்றிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் விடிந்ததும் அது ஓடைக்கரைக்குப் போய் நரியிடம் கேட்டது: "சூளைக்குப் பக்கத்துல ஒரு இடம் வேணுங்க. எத்தனை கட்டு ஆகும்?"

தன் கையில் இருப்பதன் அருமை தெரியாதவனுக்கு, அவன் பொருளையே பாதியாக்கி அவனிடம் விற்க ஆள் வீடு தேடி வரும்.