கருவாயனின் பதினெட்டு நகங்கள்

ஒரு காட்டுக் குளக்கரையில் கருவாயன் என்ற நாய் காவல் இருந்தது. வாத்துகள் இடும் முட்டைகளை நரியிடமிருந்து காப்பது அதன் வேலை.

முன்பெல்லாம் கருவாயன் நாள் முழுக்கப் பாறைகள்மேல் ஓடும். நகம் தானாகத் தேயும். பிறகு சோம்பல் வந்தது. புல்லில் படுத்தபடியே காவல் காத்தது. பதினெட்டு நகங்களும் கொக்கிபோல வளைந்து வளர்ந்தன. வெட்கப்பட வேண்டிய விஷயம்தானே? இதுவோ பெருமைப்பட்டது!

"சிறுத்தைக்குக்கூட இப்படி நகம் கிடையாது!" என்று எல்லோரிடமும் காலை நீட்டிக் காட்டியது.

"ராஜ நகம் அண்ணே! வெட்டிவிடாதீர்கள்!" என்று புதருக்குள்ளிருந்து நரி தூபம் போட்டது.

அது ஏன் சொல்லாது? கருவாயன் நடந்தால் பாறையில் 'டக் டக்' என்று சத்தம் கேட்கும். உடனே நரி முட்டையைக் கவ்விக்கொண்டு ஓடிவிடும். துரத்தினால் கருவாயன் வழுக்கி விழும்.

மூன்றே நாளில் ஐந்து முட்டைகள் போயின. செங்கால் என்ற வாத்து கோபத்தோடு வந்தது.

"தம்பி, இன்னும் ஒரு முட்டை போனால் நாங்கள் வேறு குளத்துக்குப் போய்விடுவோம். அப்புறம் நீ தண்ணீரைத்தான் காவல் காக்க வேண்டும்!"

கருவாயனுக்குச் சுருக்கென்றது. அந்தக் காவல் வேலைதான் அதற்கு எல்லாமே.

"நகம்தானே! ஒரே கடியில் முடிக்கிறேன் பார்!" என்று ஒரு நகத்தைப் பல்லால் கடித்துத் துண்டாக்கியது. ரத்தம் கொட்டியது. அது போட்ட ஊளையில் கரையிலிருந்த தவளைகளெல்லாம் தண்ணீரில் குதித்தன.

மணிப்பல் என்ற சுண்டெலி ஓடிவந்தது. வெட்டுக்காயப் பூண்டு இலையை மென்று காயத்தில் அப்பியது. ரத்தம் நின்றது.

"நகத்துக்குள்ளே உயிர்ச்சதை இருக்கிறது அண்ணே. உங்கள் நகம் கறுப்பு. அதனால் சதை வெளியே தெரியாது. நான் நுனியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்கிறேன். கொறித்த இடத்தின் நடுவில் ஈரப்புள்ளி தெரிந்தால் சதை நெருங்கிவிட்டது என்று நிறுத்திவிடுவேன்."

"நீயா? இந்தச் சின்ன உடம்பை வைத்துக்கொண்டா?"

"காட்டிலேயே இந்தப் பல்லுக்கு ஈடு கிடையாது! காலை ஆட்டாமல் இருக்க உங்களால் முடியுமா? அதைச் சொல்லுங்கள்!"

கருவாயன் கண்ணை இறுக மூடிக்கொண்டது. மணிப்பல் கொறித்தது, உற்றுப் பார்த்தது, மறுபடி கொறித்தது. காலின் உட்புறம் தனியாக இருக்கும் நகம் தரையில் படுவதே இல்லை. அது சதைக்குள் இறங்கப் பார்த்தது. அதையும் மணிப்பல் விடவில்லை. வேலை முடிய இரண்டு நாள் ஆனது. ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை!

காயம் ஆறிய பிறகு, ஒருநாள் நடுப்பகலில் நரி வந்தது. காதைத் தீட்டிக் கேட்டது. சத்தமே இல்லை. முட்டையில் வாய் வைக்கப் போனது. அதற்குள் அதன் வால் கருவாயனின் வாயில் இருந்தது!

"ஐயோ! விடுங்கள் அண்ணே!" என்று நரி அலறியது. வாலில் பாதி முடியை விட்டுவிட்டுத் தப்பி ஓடியது. பிறகு அந்தக் குளத்துப் பக்கம் அது தலைவைத்தும் படுக்கவில்லை.

"காவல்காரன் என்றால் நீதான் தம்பி!" என்றது செங்கால்.

கருவாயன் நெஞ்சை நிமிர்த்தியது. "இதில் பாதிப் பெருமை மணிப்பல்லுக்கு அக்கா!"

"பாதியா? முக்கால்வாசி!" என்று சுண்டெலி மீசையை முறுக்கியது. குளமே சிரித்தது.

செய்யும் வேலையைக் கெடுக்கும் அலங்காரம் பெருமையல்ல. அந்த வேலையைக் குறையில்லாமல் செய்வதே பெருமை.